தாழ்ச்சிக்கு எழுவாய் யார்?

திமிர் என்ற சொல் மேலிருந்து கீழேதான் பாயும். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நம்ம பையன் கடைத்தெருவில் நடந்தால் திமிர். குடித்தெருப் பையன் அதே சட்டையில் நடந்தால் தோரணை. நம்மாளு மீசையை முறுக்கினால் திமிர், செருப்பைக் கழற்றாமல் போனால் திமிர், கூலியை எண்ணி வாங்கினால் திமிர். கூப்பிட்ட உடனே ஓடிப்போய் நிற்காவிட்டால் பெருந்திமிர். பண்ணையாரைப் பார்த்து 'அவருக்குத் திமிரு' என்று யாரும் தெருவில் நின்று சொல்லி நான் கேட்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருப்பார்கள்.

கிறிஸ்தவனாகப் பிறந்தவனுக்கு இதே சொல் இன்னொரு வாசல் வழியாகவும் வருகிறது. ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்தோம். முதலாவது அகங்காரம். அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி. கத்தோலிக்கத் தமிழில் தாழ்ச்சி, புராட்டஸ்டண்ட் தமிழில் தாழ்மை. வேர் ஒன்றுதான். ஊருக்குள் 'அடங்கி நடடா' என்று கேட்டுவிட்டு வருகிற பிள்ளை, கோயிலுக்குள் 'தாழ்ச்சியாயிரு' என்று கேட்கிறான். அவன் காதில் ரெண்டையும் ஒரே ஆளு பேசுற மாதிரித்தான் விழும்.

தமிழ் எம்.ஏ. படித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், இந்த மாதிரிச் சொற்களை இலக்கணத்தில் வைத்துப் பார்க்கப் பழகியதுதான். தாழ்ந்தான் என்றால் தன்வினை. தாழ்த்தினான் என்றால் பிறவினை. தாழ்த்தப்பட்டான் என்றால் செயப்பாட்டுவினை. அரசாங்கக் காகிதத்தில் நம்மைத் 'தாழ்த்தப்பட்டோர்' என்கிறார்கள். யாரால் என்று கேட்டால் வாக்கியத்தில் பதில் இல்லை. தாழ்த்தியவன் ஒளிந்துகொள்ள வசதியான வாக்கியம் அது. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல், கிறிஸ்து அடிமைக் கோலம் எடுத்ததைச் சொல்கிற இடத்தைப் பாருங்கள். அங்கே தாழ்த்தியவரும் அவரே, தாழ்த்தப்பட்டவரும் அவரே. எழுவாயும் அவர்தான், செயப்படுபொருளும் அவர்தான். உயரத்தில் இருந்தவர் தானாக இறங்கினார். இன்னொருத்தன் கழுத்தைப் பிடித்து அமுக்கியதை அந்தத் திருமுகம் புண்ணியம் என்று சொல்லவில்லை.

ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு ஒழுங்குமுறை எழுதினார். அதன் ஏழாம் அதிகாரத்தில் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் வைத்திருக்கிறார். பன்னிரண்டாவது படிக்கு வந்த துறவி எங்கே நின்றாலும் தலையைக் குனிந்து, பார்வையை மண்ணில் பதித்து நிற்க வேண்டும். இதை முதன்முதலாக வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்க பூட்டன் பண்ணையாளாக இருந்தவர். துண்டை இடுப்பில் கட்டி, கையைக் கட்டி, மண்ணைப் பார்த்துத்தான் காலமெல்லாம் நின்றார். பதினொரு படியும் ஏறாமலே அவரைப் பன்னிரண்டாவது படியில் நிறுத்திவிட்டார்கள். துறவி வேண்டுமானால் மடத்தைவிட்டுப் போகலாம். பூட்டன் எங்கே போவார்? அப்படி நின்றதற்காக அவருக்கு யாரும் புனிதர் பட்டம் கேட்கவும் இல்லை.

அகங்காரம்தான் ஆதிப் பாவம், எல்லாப் பாவத்துக்கும் தாய் என்கிற இறையியல் யாருடைய அனுபவத்திலிருந்து வந்தது? 1960இல் வலரி செய்விங் என்ற அமெரிக்கப் பெண் இறையியலாளர் இந்தக் கேள்வியை எழுப்பினார். ஆண்கள் தங்கள் நோயை மனிதகுலத்தின் நோய் என்று எழுதிவிட்டார்கள். பெண்ணுக்கு வருகிற சோதனை தன்னைப் பெரிதாக நினைப்பது அல்ல, தன்னையே இல்லாமல் ஆக்கிக்கொள்வது என்பது அவருடைய வாதம். நமக்கு இது புதுசில்லை. மதம் மாறியவர்களின் நிலை பற்றி எழுதும்போது அம்பேத்கர் சொன்னதும் இதன் பக்கத்தில்தான் நிற்கிறது. இந்துவாக இருந்தபோது உன் இழிவுக்கு உன் கர்மம் காரணம் என்றார்கள். கிறிஸ்தவனானதும் ஆதித்தகப்பன் செய்த பாவம் காரணம் என்கிறார்கள். ஆக, ரெண்டு இடத்திலும் குற்றவாளி நாமதான். அடித்தவன் பேரு எந்த ஏட்டிலும் வரவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது, 'அப்ப தாழ்ச்சியே வேண்டாங்கிறியா?' என்று தோழர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே இருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்கிறேன். அதற்கு எங்கள் பங்கில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2008 மார்ச் 9ஆம் தேதி எறையூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தனிப்பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், விடமாட்டோம் என்ற வன்னியக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம். தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் ரெண்டு உயிர் போனது. செத்தவர்கள் வன்னியர்கள். ஒரே ஞானஸ்நானம் வாங்கிய ரெண்டு தெரு. சாதியில் உயர்ந்தவன் என்ற அகங்காரம் சுட்டுக் கொன்றது யாரை என்று பாருங்கள். அது நடந்த பதினோராம் நாள் பெரிய வியாழன். எங்கள் ஊர் அங்கிருந்து வெகுதூரம், சிவகங்கைச் சீமை. ஆனாலும் அந்தத் தவக்காலம் முழுக்கப் பங்குச் சாமியார் முகத்தில் பயம் தெரிந்தது. 'இந்த வருசம் எந்தப் பேச்சும் வேண்டாம், எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும்' என்றார். வழக்கம்போல என்றால், பாதம் கழுவும் சடங்குக்கு உட்காருகிற பன்னிரண்டு பேரும் குடித்தெரு ஆட்கள்.

எங்க தெருப் பெரியவர்கள் போய்க் கேட்டார்கள். நாலு பேருக்காவது இடம் குடுங்க சாமி என்று. அப்போது நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். கூடப்போய் ஓரமாக நின்றேன். சாமியார் கோபப்படவில்லை. மென்மையாகத்தான் சொன்னார்: "காலக் கழுவச் சொல்லிக் கேட்டு வாங்குறது தாழ்ச்சியாப்பா? அது அகங்காரம் இல்லையா? சீடர்கள் யாராவது கேட்டாங்களா?"

எல்லாரும் வாயடைத்து நின்றார்கள். வேதத்தைச் சொல்லி மடக்கினால் நம்மாளுகளுக்குப் பேச்சு வராது. எங்க அப்பத்தா மட்டும் சேலைத் தலைப்பை உதறிக்கிட்டு முன்னால் வந்துச்சு.

"தாழ்ச்சி கழுவுறவுகளுக்குத்தான சாமி? காலக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கவனுக்கு என்ன தாழ்ச்சி? வருசா வருசம் அந்தப் பன்னெண்டு பேருகிட்ட ஒங்களுக்குத் தாழ்ச்சி இருக்கான்னு கேட்டா ஒக்கார வச்சீக?"

எழுதப் படிக்கத் தெரியாத கிழவி. யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை எந்த இறையியல் புத்தகத்திலும் வாசிக்கவில்லை.

அந்த வருசம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருசம் மறை மாவட்டத்திலிருந்து யாரோ வந்து பேசி, சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டு பேரை எடுப்பது என்று முடிவானது. சீட்டில் எங்க தெருவுக்கு நாலு பேர் வந்தார்கள். ஒருவர் எங்க அய்யா. அன்று சாயங்காலம் பம்புசெட்டில் உட்கார்ந்து செங்கல் துண்டால் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருசம் சேற்றில் நின்ற கால். பித்தவெடிப்புக்குள் போன மண் எந்தச் செங்கலுக்கும் வராது. 'விடுங்கய்யா, அங்க கழுவத்தான போறாக' என்றேன். 'அழுக்கோட போனா அதையும் சொல்லிக் காட்டுவானுக' என்றார்.

சாமியார் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டார். அய்யா தலையைக் குனியவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயிலின் வலது பக்கம் பாதிக்கு மேல் காலி. சடங்குக்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் டீக்கடையில் பேச்சு: 'திமிரப் பாத்தியா, சாமியாரையே காலக் கழுவ வச்சுட்டானுக.'

அந்தப் பக்கத்து அகங்காரத்துக்குக் கத்தோலிக்க வரலாற்றில் பழைய வேர் இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் உயர்சாதிக்காரர்களை ஈர்க்கப் பிராமணச் சந்நியாசி கோலம் பூண்டார். பிறகு 1640 வாக்கில் மற்ற சாதியாருக்கென்று பண்டாரச் சாமிகள் தனியாக வந்தார்கள். சாமியாரிலேயே ரெண்டு தினுசு. வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடுவில் சுவர் வைத்தே கோயில் கட்டினார்கள். 1910இல் சுவரை இடித்ததும் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. இப்படிச் சுவராகவும் வரிசையாகவும் சப்பரம் போகும் பாதையாகவும் கட்டி வைக்கப்பட்ட அகங்காரத்தை, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒவ்வொருவராக முழங்காலிட்டு 'எனக்கு அகங்காரம் வந்தது சாமி' என்று சொல்லிக் கரைக்க முடியாது. 2003 நவம்பரில் இரண்டாம் அருள் சின்னப்பர் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். எறையூர் நடந்தது அதற்கு நாலு வருசத்துக்கு மேல் கழித்து.

இதுவரை எழுதியதை நம்ம கூட்டத்தில் சொன்னால் கைதட்டுவார்கள். அடுத்த பகுதிக்குத் தட்டமாட்டார்கள்.

அய்யாவின் பாதம் கழுவின அந்தப் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கி வைத்தது எங்க அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும். தண்ணீர் சுமந்து வந்ததும், கோயிலைக் கூட்டியதும் அவர்கள்தான். பன்னிரண்டு பேரில் பெண் கிடையாது. சட்டமே அப்போது ஆண்கள் என்றுதான் சொன்னது. 2016 சனவரியில்தான் பெண்களும் உட்காரலாம் என்று உரோமையிலிருந்து ஆணை வந்தது. அதற்கு மூன்று வருசம் முன்னாலேயே போப் பிரான்சிஸ் ஒரு சிறார் சிறைக்குப் போய் முஸ்லிம் பெண் ஒருத்தியின் பாதத்தைக் கழுவியிருந்தார். நாங்கள் நாலு இடம் கேட்டபோது நாலு ஆணுக்குத்தான் கேட்டோம். கேட்கத் துணிந்து வாயைத் திறந்தது கிழவி. உட்கார்ந்தது ஆம்பளைகள்.

வெளியே பண்ணையாளாக நின்றவன் வீட்டுக்குள் வந்ததும் பண்ணையாராகிவிடுகிறான். தண்ணீச் செம்பு கைக்கு வர வேண்டும், சோறு சூடாக இருக்க வேண்டும், எதிர்ச்சொல் வரக்கூடாது. வந்தால், பண்ணையார் நம்மைச் சொன்ன அதே வார்த்தை நம்ம வாயில் வருகிறது: 'பொம்பளைக்கு இம்புட்டுத் திமிரா?' பாமா 1994இல் 'சங்கதி'யில் இதைப் பச்சையாக எழுதினார். காட்டில் மேல்சாதிக்காரன், வீட்டில் புருசன் என்று ரெண்டு பக்கமும் அடிவாங்குகிற நம்ம பெண்களைப் பற்றி எழுதினார். அந்தப் புத்தகத்தைச் சாதி எதிர்ப்புக்கு மேற்கோள் காட்டுகிற நம்ம ஆண்கள், மற்றப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கிறிஸ்தவ ஆணுக்கு இதில் கூடுதல் வசதி உண்டு. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் கணவன் தலை, மனைவி பணிய வேண்டும் என்கிற இடம் கல்யாணப் பூசையில் முழங்கும். அதற்கு நேர் முந்தின வசனம் ஒருவருக்கு ஒருவர் பணியச் சொல்கிறது. அதை எந்த மாப்பிள்ளை வீட்டாரும் மைக்கில் கேட்டுவிட்டுப் பேசினதாகத் தெரியவில்லை. 'வெளிய அவமானப்பட்டு வர்றவனுக்கு வீட்டுலயாவது மரியாதை வேண்டாமா?' என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். மரியாதை வேண்டும். ஆனால் அவன் வெளியே பட்டது அவமானம் என்று தெரிந்தவன், அதை அடுப்படியில் இன்னொரு ஆள் தலையில் இறக்கி வைத்தால் அதற்குப் பெயர் மரியாதையா? கூலிவேலையும் பார்த்துவிட்டு, அதே அவமானத்தையும் வாங்கிக்கொண்டு அவளும்தானே வந்திருக்கிறாள்?

வள்ளுவரின் அதிகார வரிசையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 97 மானம், 98 பெருமை. பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்று சொல்லும் குறளை அவர் பெருமை அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறார். பெருமை உள்ளவன் பணிவான், சிறுமை உள்ளவன் தன்னைத்தானே மெச்சிக்கொள்வான் என்று சொல்வதும் அதே பத்துக் குறளுக்குள்தான். முதலில் மானம், பிறகு பெருமை, அந்தப் பெருமைக்குள்ளே பணிவு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மானமே கொடுக்காமல் பணிவை முதலில் கேட்டது சாதி. (96ஆம் அதிகாரம் குடிமை. உயர்குடிப் பிறப்பைப் புகழ்கிறது. அதையும் மறைக்க வேண்டாம்.)

யோவான் நற்செய்தியிலும் இந்த வரிசை இருக்கிறது. பதின்மூன்றாம் அதிகாரத்தில் இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதம் கழுவுகிறார். அதே ராத்திரி, பதினெட்டாம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் முன்னால் காவலன் ஒருவன் அவர் கன்னத்தில் அறைகிறான். அவர் மறுகன்னத்தைக் காட்டவில்லை. நான் பேசியதில் தப்பிருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று திருப்பிக் கேட்கிறார். துண்டைக் கட்டியவரும் கேள்வி கேட்டவரும் ஒரே ஆள்தான். நமக்குக் கேள்வி கேட்கிற இயேசுவை மறைத்தார்கள். குடித்தெருவுக்குத் துண்டு கட்டிய இயேசுவை வருசத்துக்கு ஒரு நாள் வேடிக்கை காட்டினார்கள். நம்ம ஆண்களுக்கு ரெண்டு இயேசுவும் வேண்டும். தெருவில் ஒருவர், வீட்டில் ஒருவர்.

வீட்டைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. எங்க காலனியின் கடைசியில் நாலு அருந்ததியர் வீடு. அவர்களும் கத்தோலிக்கர்கள்தான். 2009இல் பதினெட்டு விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு என்று சட்டம் வந்தபோது, எங்க தெருவில் முணுமுணுப்பு கிளம்பியது. 'நம்ம பங்கப் புடுங்கிக் குடுக்குறாங்க' என்று. மதம் மாறியதால் பட்டியலிலேயே இல்லாத நமக்கு அதில் ஏது பங்கு என்று கேட்டேன். 1950 ஆணை நம்மை வெளியே நிறுத்தியது, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. பிறகு எதுக்கு இந்தக் கோபம்? பதில் வரவில்லை. கீழே ஒருத்தன் இருக்க வேண்டும் என்கிற கோபத்துக்குப் பதில் சொல்ல வராது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோதும் அதே முணுமுணுப்பு. இந்த முறை சில மேடைகளிலும் கேட்டது. தலித் ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டு அருந்ததியரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதும், தாழ்ச்சி என்று சொல்லி நம்மைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

2022இல் பெரிய வியாழனும் அம்பேத்கர் பிறந்த நாளும் ஒரே நாளில் வந்தன, ஏப்ரல் 14. மன்றத்துப் பசங்களுக்கு உற்சாகம். அன்று பொதுச் சமையல், ஆம்பளைகள்தான் சமைத்துப் பரிமாறிப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு 'ஒரே உலை' என்று பேசி வந்தாரே, அதை நடத்திப் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். உலை வைத்தவர்களில் பாதிப் பேர் பத்தரை மணிக்கு 'கொடி கட்டப் போறோம்' என்று நழுவிவிட்டார்கள். சோறு அடிப்பிடித்தது. எங்க சின்னம்மா குண்டானை எட்டிப் பார்த்துவிட்டு, 'ஒரு நாளைக்குச் சட்டி கழுவுனா மோட்சமாடா? நாளைக்கும் வெயிலடிக்கும், நாளைக்கும் பசிக்கும்' என்றது. பசங்கள் சிரித்தார்கள். நாலு பேர் மட்டும் இன்றைக்கும் அவரவர் வீட்டில் பாத்திரம் விளக்குகிறார்கள். எனக்குத் தெரிந்து நாலுதான்.

அன்று பசங்களுக்கு இன்னொரு யோசனையும் வந்தது. கடைசி நாலு வீட்டுப் பெரியவரை அம்பேத்கர் படத்துக்கு முன்னால் உட்கார வைத்துப் பாதம் கழுவுவது. போய்க் கேட்டார்கள். நானும் உடனிருந்தேன். அவர் கட்டிலில் இருந்து எழுந்திருக்கவே இல்லை.

"எங் காலு சுத்தமாத்தான் இருக்கு தம்பிகளா. தெனம் நானே கழுவிக்கிறேன். எம் பேத்தி பத்தாவது படிக்கிறா. நல்லா வாசிப்பா. பூசையில வாசகம் வாசிக்கிற நோட்டீசுல அவ பேரு ஒரு தடவ வந்துருக்கா? அந்த லிஸ்டு இப்ப யாரு போடுறா? நீங்கதான?"

ஆமாம், நாங்கதான். பங்குப் பேரவையில் எங்க தெருவுக்கு இப்போது ரெண்டு இடம். வாசகப் பட்டியல் எங்கள் பொறுப்பு. பாதம் கழுவ ஓடி வந்த பசங்களில் ரெண்டு பேர், அந்தப் பட்டியலில் பேர் சேர்க்க வேண்டும் என்றதும், 'இருக்குற புள்ளைக கோவிச்சுக்கும்ணே' என்றார்கள். தண்ணி ஊத்துறது சுலபம். இடம் விடுறதுக்குத்தான் மனசு வரமாட்டேங்குது. அன்று ராத்திரி ஒன்பது மணிவரை பேச்சு ஓடியது. சனிக்கிழமை ராத்திரி உயிர்ப்புத் திருவிழிப்பில் அந்தப் பிள்ளை மூன்றாவது வாசகம் வாசித்தது, செங்கடலைக் கடக்கிற பகுதி. வேகமாகத்தான் வாசித்தது. யாரும் எழுந்து வெளியே போகவில்லை. அதன்பிறகு அவள் பேர் மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது.

இப்போது சப்பரப் பிரச்சனை வந்திருக்கிறது. சூலை 25 சந்தியாகப்பர் திருவிழாவில் சப்பரம் எங்க தெருவுக்கு வர வேண்டும் என்று எங்க அய்யா காலத்தில் பத்து வருசம் மனுப் போட்டு வாங்கினோம். அது எங்க தெரு முக்கில் திரும்பிவிடுகிறது. நாலு வீட்டுக்காரர்கள் தங்கள் சந்துக்கும் வர வேண்டும் என்கிறார்கள். சந்து குறுகல், சப்பரம் நுழையாது என்கிறார்கள் எங்காளுக. எங்க தெருவைப் பற்றிக் குடித்தெருக்காரர்கள் அன்று சொன்னதும் இதுதான். போன மாதம் நானும் அந்தப் பெரியவரின் மகனும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். சந்து ஒன்பதடி. சப்பரம், தூக்குகிறவர்களோடு சேர்த்து ஏழடி. இந்த அளவை எழுதித் திருவிழாக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.